வேப்பிலையும் வெள்ளைக்காரன் நோட்டீசும்

நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியம் ‘மீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்பது. மற்றப் பிள்ளைகள் அம்மா, ஆடு, இலை என்று ஒழுங்காக ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது எங்கள் தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசையான லயத்தில் எங்கள் வீட்டின் உட்சுவர் முழுக்க வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க நோட்டீஸ்கள் ஒட்டியிருந்தன. நான் படுக்கும் பாய்க்கு எதிரே ஊரடங்கு உத்தரவு. என் தலைமாட்டில் அம்மை நோய்.

அதற்குக் காரணம் நான் பார்த்திராத தாத்தா. அவர் தோட்டத்து ஆபிஸில் பியூனாக இருந்தவர். மலாக்காவிலிருந்து வருகிற அரசாங்க நோட்டீஸ்களைப் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்திலும் கள்ளுக்கடை வாசலிலும் ஒட்டுவது அவர் வேலை. வெள்ளைக்காரன் போனபோது மிச்சமிருந்த தமிழ் நோட்டீஸ்களை ஒரு கட்டாகக் கட்டி, கொளுத்திவிடச் சொல்லியிருக்கிறார் தோட்டத்துக் கணக்கரான கிராணி. தாத்தாவுக்கு மனசு வரவில்லை. எங்கள் வீடு பலகை வீடு. இடுக்குகளில் விரல் நுழையும். காற்றும் கொசுவும் கேட்டுக்கொண்டா வரும்? மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, கரப்பான் அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, கட்டு முழுவதையும் சுவரில் ஒட்டிவிட்டார். ஆட்சி போய்விட்டது, ஆனால் எங்கள் வீட்டுக்குள் அது தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

நாய் வளர்ப்போர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். இரவில் வெளியே நடமாடக் கூடாது. அரசியாரின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு விடுமுறை. சமைத்த சோற்றைத் தோட்டத்து எல்லைக்கு வெளியே கொண்டு போகக் கூடாது. இவையெல்லாம் எந்தக் காலத்து உத்தரவு, ஏன் போட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உத்தரவுக்கும் வயசாகும் என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் பள்ளிக்குச் சோறு கொண்டு போக மறுத்துவிட்டேன். பள்ளிக்கூடம் தோட்டத்து எல்லைக்கு வெளியே இருந்தது.

“இது என்னலா பிள்ள, சோத்தக் கட்டிக் குடுத்தா போலீஸ் பிடிக்கும்னு அழுவுது” என்று அம்மா ஒரு வாரம் புலம்பினார். பிறகு ரொட்டி கட்டிக் கொடுத்தார். ரொட்டியைப் பற்றிச் சுவரில் ஒன்றும் இல்லை.

என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் பெரியப்பாதான். அவரும் அதே வீட்டில், அதே சுவரைப் பார்த்துப் படிக்கக் கற்றவர். படித்து மலாக்கா டவுனில் அரசாங்க கிளார்க் ஆகிவிட்டார். அச்சடித்த எழுத்துக்கு அவர் கொடுக்கும் மரியாதையைச் சாமிக்குக்கூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை எங்களை ஆயர் குரோ ஏரிக்கு அழைத்துப் போனார். ‘புல்லை மிதிக்காதே’ என்று ஒரு பலகை. ஊரே அந்தப் புல்லில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பா மட்டும் எங்களை உச்சிவெயிலில் ஏரியைச் சுற்றி நடக்க வைத்தார். அம்மா கால் வலிக்கிறது என்றார். “போர்டு வச்சிருக்கான்ல” என்றார் பெரியப்பா.

அப்பா அவருக்கு நேர் எதிர். படிப்பு ஏறவில்லை. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அண்ணன் வந்தால் எழுந்து நிற்பார். அண்ணன் போகிறவரை உட்கார மாட்டார். பெரியப்பா பேசுவார், அப்பா கேட்பார். கடைசியில் “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பார். அப்பா தன் அண்ணனிடம் பேசிய வேறு வாக்கியம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. வாயில்லாப் பூச்சி என்று லயத்தில் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும், ஆனால் இல்லையென்று வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை.

இந்த இருவருக்கும் தங்கை என் அத்தை. எங்களோடுதான் இருந்தாள். ஆயர் குரோவில் ரேடியோ சாமான் செய்கிற பேக்டரியில் வேலை. காலையில் தோட்டத்து முச்சந்திக்கு பேக்டரி பஸ் வரும். சாயங்காலம் அதே பஸ் இறக்கிவிடும். இறங்கும்போது அவள் கையில் எனக்கென்று ஒரு காகிதச் சுருளில் கச்சான் இருக்கும், வறுத்த கடலை, உப்பும் சூடுமாக. அத்தை சம்பளத்தில் வாங்கிவருகிறாள் என்று நினைத்தேன். அந்தக் கச்சானுக்காக நான் அவளை நேசித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பெரியப்பா அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார். லூபோக் சீனா என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். நல்ல இடம், வசதி. ஒரே நிபந்தனை, பெண் வேலையை விட்டுவிட்டுக் கடையில் உட்கார வேண்டும். பெரியப்பா எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்து, “ஞாயித்துக்கிழமை வராங்க. உள்ள வந்து பொண்ணு தலையில பூ வச்சிட்டா முடிஞ்சிது” என்றார். அப்பா வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார்.

அன்று ராத்திரி சமையற்கட்டில் அத்தை அம்மாவிடம் அழுதாள். “எனக்கு வேணாம் அண்ணி. வேலய விட முடியாது. நான்… என்னால முடியாது அண்ணி.” இடையில் ஏதோ ஒன்றைச் சொல்ல வந்து விழுங்கிவிட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா படியில் உட்கார்ந்து பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

“ஏங்க, உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“அண்ணன்கிட்ட எப்படி?” என்றார் அப்பா. அவ்வளவுதான். கத்தி தொடர்ந்து கூரானது.

அத்தை போய்விட்டால் யார் பக்கத்தில் படுப்பது, யார் தலை வாரிவிடுவது, கச்சான் என்னாகும் என்றெல்லாம் நானும் அழுதேன். சுவரில் ஏதாவது வழி இருக்குமா என்று தேடினேன். கல்யாணத்தைத் தடுக்க அரசாங்கம் ஒரு நோட்டீஸும் போட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை நான் ஜம்பு மரத்தில் ஏறினேன். துக்கத்திலும் பழம் பழம்தான். மரத்தில் இருந்த கம்பளிப்பூச்சி கையிலும் கழுத்திலும் ஊர்ந்து, சாயங்காலத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்துவிட்டது. அம்மா திட்டிக்கொண்டே எண்ணெய் தடவினார். அப்பா என் கையைப் பிடித்து விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு அக்கறையாக அவர் என்னைப் பார்த்ததே இல்லை. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

“அம்மையா இருக்குமோ?” என்றார்.

“அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்பளிப்பூச்சி.”

“இருக்கட்டும்” என்றார் அப்பா.

மறுநாள் காலையில் முகத்தில் வெயில் சுட்டு விழித்தேன். எங்கள் வீட்டில் படுத்தவர் முகத்தில் வெயில் அடிக்க வழியே கிடையாது. திரும்பிப் பார்த்தால் தலைமாட்டில் வெறும் பலகை. அம்மை நோய் நோட்டீஸைக் காணவில்லை. அதன் மூன்று மூலைகள் முன்பே விட்டுப்போயிருந்தன. நான்தான் படுத்துக்கொண்டு விரலால் நோண்டுவேன். நாலாவது மூலை இருந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கு வழியாக வாசல் முழுவதும் தெரிந்தது.

பாயைச் சுற்றி வேப்பிலை. அத்தை ஒரு பழைய சட்டையில், பொட்டு நகை எதுவும் இல்லாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“எந்திரிக்காதே” என்றாள். “உனக்கு ஆத்தா வந்திருக்காளாம்.”

“யாரு சொன்னா?”

“வெளிய நோட்டீஸ் ஒட்டியிருக்கு.”

அதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நோட்டீஸ் வாசலுக்குப் போய்விட்டது. நிலையில் வேப்பிலையும் தொங்கியது. ஆகவே எனக்கு அம்மைதான். கம்பளிப்பூச்சி என்பது அம்மாவின் அபிப்பிராயம், இது உத்தரவு. அரசாங்கமே என்னைக் குறித்து ஒரு நோட்டீஸ் போட்டிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் மல்லாந்து படுத்து நோயாளியானேன். அந்த நோட்டீஸ் எனக்குத் தலைகீழ்ப் பாடம்: ‘இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இந்த வீட்டில் அம்மை நோய் கண்டிருப்பதால் வெளியார் எவரும் உள்ளே பிரவேசிக்கக் கூடாது. நோயாளி வெளியே வரக் கூடாது. மீறுவோர் தண்டிக்கப்படுவர். மாட்சிமை தங்கிய பிரிட்டிஷ் மன்னரின் உத்தரவுப்படி, மலாக்கா.’ அந்த மன்னர் மலாக்கா டவுனில் பெரியப்பா ஆபிஸுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறார் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

பெரியப்பாவின் காரும் மாப்பிள்ளை வீட்டு வேனும் வந்து நின்றன. நான் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டோடு இறங்கி நாலடி வந்தவர் நிலையைப் பார்த்துவிட்டார். அப்படியே செருப்பைக் கழற்றி மண்ணில் விட்டார். “ஆத்தா, மாரியம்மா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பின்னால் வந்த மகனைக் கையால் தள்ளி நிறுத்தினார்.

அப்பா வாசலில் கைகட்டி நின்றார். “பிள்ளைக்கு… நேத்து ராத்திரிதான்” என்று மென்று விழுங்கினார்.

“அட, வேப்பிலயப் பாத்து யாரும் பயப்படாதீங்க” என்றார் பெரியப்பா. “கிளினிக்ல காட்டினா மாத்திரை குடுப்பான். அதுக்காக வந்த நல்ல காரியத்த விட முடியுமா? வாங்க, உள்ள வாங்க.” படியில் ஒரு காலை வைத்தார்.

அத்தையின் வேப்பங்கொத்து நின்றுவிட்டது.

படியில் வைத்த கால் அப்படியே நின்றது. பெரியப்பா நோட்டீஸைப் பார்த்துவிட்டார். அவர் முகம் எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. உதடுகள் அசைந்தன. முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா நிமிரவில்லை. பார்வை அப்பாவைக் கடந்து இடுக்குக்கு வந்தது. என் கண்ணை அவர் பார்த்தாரா, எனக்குப் பின்னால் இருந்த அத்தையைப் பார்த்தாரா, சொல்லத் தெரியவில்லை. படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

“என்ன சார் நோட்டீஸ்?” என்று மாப்பிள்ளையின் அப்பா சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டு முன்னால் வந்தார். “ஹெல்த் ஆபிஸ்ல ஒட்டிட்டுப் போனாங்களா? மலாய்ல காணோமே?”

“நீங்க இருங்க, நான் வாசிக்கிறேன்” என்றார் பெரியப்பா. காற்றில் தாளின் கீழ்மூலை படபடத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். ஆபிஸ் குரலில், ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். “இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்…” எனக்குப் புல்லரித்தது. என் நோட்டீஸை இவ்வளவு அழகாக யாரும் வாசித்ததில்லை. நானும் வாய்க்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். “…மீறுவோர் தண்டிக்கப்படுவர்” என்றதும் பெரியப்பா நிறுத்திவிட்டார்.

இன்னும் ஒரு வரி இருக்கிறதே! பள்ளியில் யாராவது செய்யுளில் ஒரு அடியை விட்டுவிட்டால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொடுப்போம். நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். “மாட்சி” என்பதற்குள் அத்தையின் உள்ளங்கை என் வாயை மூடிவிட்டது. கை கசந்தது.

“அவ்வளவுதான்” என்றார் பெரியப்பா வெளியே. “தோட்டத்து ஜனங்களுக்குத் தமிழ்லதான் போடுவாங்க. கவர்மெண்ட் ஆர்டர். நானே கவர்மெண்ட்ல இருந்துக்கிட்டு மீறக் கூடாதில்ல?”

“அது சரி, சட்டம் சட்டந்தான்லா” என்று மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியைத் தேடுவதை விட்டுவிட்டார். அவர் மனைவிக்குச் சட்டமே தேவையிருக்கவில்லை. அத்தைக்கென்று கொண்டுவந்த பூவை நிலைப்படியின் கீழே ஆத்தாவுக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு, போய்வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் வேனில் ஏறினார். அம்மை கண்ட வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. எல்லோரும் வாய் பேசாமல் போனார்கள்.

வேன் மறைந்த பிறகும் பெரியப்பாவின் கை தாளின் மேலேயே இருந்தது. மெல்ல எடுத்தார். மூலை மறுபடி எழும்பியது. கட்டைவிரலால் அதைத் தடவி ஒட்டினார்.

“தம்பி, பசையில கொஞ்சம் மயில்துத்தம் போட்டிருக்கணும்” என்றார். “நம்ம அப்பா போடுவார்.”

அப்பா முதல்முறையாக நிமிர்ந்தார். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். குரல் உடைந்திருந்தது. பசையைப் பற்றிப் பேசும்போது குரல் ஏன் உடைய வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியப்பா காரில் ஏறிப் போய்விட்டார். உள்ளே அத்தை என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்; சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

தடிப்பெல்லாம் அன்று மாலைக்குள் வற்றிவிட்டது. ஆனாலும் ஆத்தா பெயரைச் சொல்லி வேப்பிலை கட்டியாகிவிட்டது. நினைத்த நேரத்தில் அவிழ்க்க அது என்ன கொடித்துணியா? அம்மா பிடிவாதமாக இருந்தார். “ஆத்தாகிட்ட வெளயாட்டு வேணாம். உள்ளதுபோல எல்லாம் செஞ்சாகணும்.” வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை. முறைப்படி வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். லயத்தார் வாசலிலேயே இளநீர் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெளியே விளையாடப் போகலாம் என்று அத்தை காதோடு சொன்னபோதும் நான் மறுத்துவிட்டேன். நோட்டீஸ் இன்னும் வாசலில் இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுகமாக நான் நோயாளியாக இருந்ததில்லை.

அப்பாதான் எல்லோரையும்விட அதிகம் செய்தார். தாடி மழிக்கவில்லை. லாரியைக்கூடச் செருப்பில்லாமல் ஓட்டினார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று கூழ் காய்ச்சி லயம் முழுவதற்கும் தன் கையால் ஊற்றினார். அந்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், அதுவரை கூட்டத்தோடு கூட்டமாக நின்று கும்பிட்டவர், தீச்சட்டி ஏந்தினார். சட்டியிலிருந்து தீப்பொறி தெறித்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. ஏதோ ஒரு கடனை முறையாக அடைக்கிறவர் போல அடிமேல் அடி வைத்து நடந்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அம்மை குணமானதற்காக எங்கள் அப்பா தீச்சட்டி எடுத்தார் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அத்தை மட்டும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

லூபோக் சீனாக்காரர்கள் திரும்பி வரவில்லை. ஆத்தாவே வழி மறித்துவிட்டாள் என்று வேறு இடத்தில் பெண்ணெடுத்தார்களாம். நோட்டீஸை அப்பா வெந்நீரில் நனைத்து எடுத்து, இந்த முறை மயில்துத்தம் கலந்த பசை காய்ச்சி, என் தலைமாட்டில் பழைய இடத்திலேயே ஒட்டினார். எவ்வளவு நோண்டியும் ஒரு மூலைகூடப் பிரியவில்லை.

மறுவருஷம் ஒரு சாயங்காலம் பேக்டரி பஸ் டிரைவர், அத்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூச்சத்தோடு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து என்னிடம் நீட்டினார். உப்பும் சூடுமாகக் கச்சான். அத்தை வாங்கும் அதே கடையில் இவரும் வாங்குகிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பெரியப்பாவும் வந்திருந்தார். நெடுநேரம் பேசினார், அப்பா நின்றபடி கேட்டார். ஆனால் கடைசியில் பெரியப்பாதான் அப்பாவைப் பார்த்து, “நீ என்ன சொல்ற, தம்பி?” என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டு நாங்கள் கேட்டதில்லை.

கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கு முன்னால், இன்னார் இன்னாரை மணக்கப்போகிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று பதிவு ஆபிஸில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம் என்றார் பெரியப்பா. அதைப் பார்க்க எங்கள் எல்லோரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தையின் பெயரும் பஸ் டிரைவர் மாமாவின் பெயரும் அச்சில் இருந்தன. பெரியப்பா அதன் முன் நேராக நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சத்தமாக வாசித்தார். மலாய் நோட்டீஸ். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அத்தை வெட்கத்தில் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அப்பா, தன் அண்ணனுக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக நின்றுகொண்டிருந்தார்.

நான் மட்டும் கவலையோடு விரலால் வரிகளைத் தொடர்ந்துகொண்டே வந்தேன். பெரியப்பா பெயர்களை வாசித்தார், ஊரை வாசித்தார், தேதியை வாசித்தார். கடைசியில், எந்த அதிகாரியின் உத்தரவுப்படி என்ற அடிவரியையும் விடாமல் வாசித்து முடித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பாவம், போன வருஷம் வயசானதால் மறந்திருக்கிறார்; இப்போது ஞாபகசக்தி நன்றாகத் தேறிவிட்டது என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.